மாற்றுத்திறனாளிகளுக்குப் பணி: தொழில் நடத்துவோர் வாயிலில் மூன்று வருகைகள்

(அறக்கட்டளையின் விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மாற்றுத்திறனுடைய பிள்ளை வளரும் வீடு எதுவாயினும் அங்கு ஒரு வினா ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். "எங்கள் காலத்திற்குப் பின் இந்தப் பிள்ளையின் நிலை என்ன?" என்பதே அவ்வினா. பிள்ளை சிறியதாக இருக்கும்போது பள்ளி, மருத்துவம், பயிற்சி என்று நாட்கள் கழிந்துவிடுகின்றன. பதினெட்டு வயது நிறைந்ததும் பள்ளிக்கூடத்தின் கதவு சாத்தப்படுகிறது. உடன்பிறந்தோர் கல்லூரிக்கும் வேலைக்கும் வெளியூர் சென்றுவிடுகின்றனர். அந்தப் பிள்ளை மட்டும் திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தந்தைக்கு அறுபது வயது ஆகும்போது வினா மேலும் கூர்மை பெறுகிறது.

வங்கியில் இடப்படும் வைப்புத்தொகை இவ்வினாவிற்கு ஒரு விடை. உறவினர் ஏற்கும் பொறுப்பு மற்றொரு விடை. காப்பகம் இன்னொரு விடை. இவை தேவையானவையே. ஆயினும் உழைக்கக்கூடிய ஒருவருக்கு இவை எல்லாவற்றினும் நிறைவான விடை, ஊதியம் தரும் வேலை ஆகும். வேலைக்குச் செல்பவருக்குக் கையில் பணம் வருகிறது. அதனோடு நாளுக்கு ஓர் ஒழுங்கும், பெயர் சொல்லி அழைக்க நாலு பேரும், ஒருநாள் வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஓர் இடமும் கிடைக்கின்றன. பெற்றோர் மறைந்த பின்னும் தொடரக்கூடிய உறவுகள் பல, பணியிடத்திலேயே பிறக்கின்றன.

அத்தகைய வேலை எவ்வாறு கிடைக்கும்? வேலை வைத்திருப்போரை அணுகும் முறை எது? அணுகிய பின் அவ்வேலை நிலைப்பது எதனால்? இம்மூன்று வினாக்களே இவ்வுரையின் பொருள்.

சாத்திய கதவின் இருபுறம்

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நாடு முழுவதும் இவர்களுள் ஏதேனும் ஒரு தொழில் செய்வோராகக் கணக்கிடப்பட்டவர் நூற்றுக்கு 36 பேர் மட்டுமே. பெண்களுள் நூற்றுக்கு 23 பேர் மட்டுமே. எஞ்சியோருள் குழந்தைகளும் முதியோரும் அடங்குவர் என்பது உண்மை. எனினும் உழைக்கும் வயதும் விருப்பமும் இருந்தும் வாய்ப்பின்றி வீட்டில் இருப்போர் தொகை பெரிது என்பதை எந்த ஊரிலும் காணலாம்.

இந்நிலைக்குத் தொழில் நடத்துவோரின் கல்மனமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மை ஆகாது. கடையோ, ஆலையோ, அச்சகமோ நடத்தும் ஒருவரிடம், பார்வையற்ற ஒருவரையோ அறிவுத்திறன் குறைபாடுடைய ஒருவரையோ வேலைக்கு வைத்துக்கொள்ளுமாறு கேட்டால், அவர் உள்ளத்தில் சில அச்சங்கள் எழும். "இவருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு? மற்றவர் வேலையும் இவரால் கெடுமோ? வாடிக்கையாளர் என்ன நினைப்பர்? வேலை சரிப்படாவிட்டால் இவரை எப்படி நிறுத்துவது? நிறுத்தினால் ஊர் பழிக்காதா?" இவை தீய எண்ணங்கள் அல்ல. அறியாத ஒன்றைப் பொறுப்பேற்கத் தயங்கும் எவர்க்கும் இயல்பாகத் தோன்றும் ஐயங்களே. இவற்றுக்கு விடை சொல்ல ஆள் இல்லாதபோது, "பிறகு பார்க்கலாம்" என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது.

கதவின் மறுபுறத்தில் நிற்கும் பெற்றோர்க்கும் துன்பம் உண்டு. தம் பிள்ளைக்கு என்ன வேலை பொருந்தும் என்பதை அவர்கள் அறியார். கேட்கச் சென்ற இடத்தில் தம் துயரத்தைச் சொல்வதன்றி வேறொன்றும் சொல்ல இயலாமல் நிற்பர். கேட்பவர் மனம் இளகி ஐந்நூறோ ஆயிரமோ எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார். வேலை கேட்டுச் சென்றவர் நன்கொடை பெற்றுத் திரும்புவர்.

இவ்விரு தரப்பாரையும் இணைக்கும் மூன்றாம் தரப்பே வேலைவாய்ப்பு ஆதரவுச் சேவை எனப்படுவது. தொண்டு நிறுவனமோ, சிறப்புப் பள்ளியோ, மனநல மருத்துவமனையோ அதனை நடத்தலாம். அதன் பணியாளர் வேலை தேடுவோரை அறிவார். வேலை தருவோரையும் அறிவார். இருவரையும் பொருத்தி வைத்து, பொருத்திய பின்னும் உடன் நிற்பார். இத்தகைய ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஜப்பான் நாட்டின் ஒரு சுண்ணக்கட்டித் தொழிற்சாலை சிறந்த சான்றாகும்.

மூன்றாம் முறை கேட்ட ஆசிரியர்

பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் எனும் சுண்ணக்கட்டிகளைச் செய்யும் 'நிஹோன் ரிககாகு கோக்யோ' என்ற நிறுவனம் 1937-இல் தொடங்கப்பெற்றது. 1959-இல் அதன் பொறுப்பில் இருந்தவர் ஒயாமா யாசுஹிரோ என்னும் இளைஞர். அவரைத் தேடி, அறிவுத்திறன் குறைபாடுடைய மாணவர் பயிலும் சிறப்புப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் வந்தார். படிப்பை முடிக்கப்போகும் இரு மாணவியருக்கு வேலை கொடுக்க இயலுமா என்று கேட்டார். ஒயாமா மறுத்தார். அவர்களைப் பொறுப்பேற்கும் துணிவு அவருக்கு இல்லை. ஆசிரியர் மீண்டும் வந்தார். மீண்டும் மறுப்பே விடையாயிற்று.

மூன்றாம் முறை வந்தபோது ஆசிரியர் தம் வேண்டுகோளையே மாற்றிக்கொண்டார். இனி வேலை கேட்கப்போவதில்லை என்றார். இம்மாணவியர் பள்ளியை விட்டதும் தொலைவிலுள்ள காப்பகத்திற்குச் சென்றுவிடுவர். உழைப்பது எத்தகையது என்பதை வாழ்நாள் முழுவதும் அறியாமலே போய்விடுவர். ஆதலின் சில நாட்களேனும் வேலை செய்து பார்க்க இடம் தாருங்கள் என்பதே அவர் கேட்டது. இரண்டு வாரங்களுக்கு ஒயாமா இசைந்தார்.

பெட்டிகளில் சீட்டு ஒட்டும் வேலை அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. இருவரும் அதில் ஆழ்ந்துவிட்டனர். உணவு வேளை மணி அடித்தாலும் யாரேனும் சென்று சொல்லும் வரை கையை நிறுத்தவில்லை. இரு வாரம் முடிவுற்றபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. தொழிற்சாலையின் மற்றப் பணியாளர்கள் ஒயாமாவைச் சூழ்ந்து, இவர்களை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும், தேவையான உதவியைத் தாங்கள் அனைவரும் செய்வோம் என்று கேட்டுக்கொண்டனர். 1960-இல் அவ்விருவரும் முறையான பணியாளர்களாயினர்.

இது இரக்கத்தால் நடந்த நற்செயல் ஒன்றாக முடிந்திருக்கக்கூடும். அவ்வாறு முடியாமைக்குக் காரணம், பின்னர் ஒயாமா செய்த ஒரு மாற்றம். சுண்ணக்கட்டி செய்ய மூலப்பொருள்களை எடையிட்டுக் கலக்க வேண்டும். குறித்த நேரம் பிசைய வேண்டும். எண்ணைப் படிக்கவும் மணி பார்க்கவும் இயலாத பணியாளர்க்கு இவை கடினம். எவ்வளவு முறை சொல்லிக் கொடுத்தாலும் மனத்தில் நிற்கவில்லை. ஒயாமா ஒன்றை எண்ணிப் பார்த்தார். இவர்கள் தம் வீட்டிலிருந்து தனியாகவே தொழிற்சாலைக்கு வருகின்றனர். வழியில் சாலை விளக்கின் நிறம் பார்த்தே தெருவைக் கடக்கின்றனர். எனவே நிறம் அவர்களுக்கு நன்கு தெரியும். அதன்பின் சிவப்பு மூடியிட்ட கொள்கலத்தில் உள்ள பொருளைச் சிவப்பு எடைக்கல்லாலும், நீல மூடியிட்டதை நீல எடைக்கல்லாலும் நிறுக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. மணி பார்ப்பதற்குப் பதிலாக மணற்கடிகை வைக்கப்பட்டது. மணல் முழுவதும் கீழே இறங்கினால் நேரம் முடிந்தது என்று பொருள். எண் இல்லாமலே எடையும் நேரமும் பிழையின்றி அமைந்தன.

மனிதரை வேலைக்கு ஏற்ப மாற்ற முயன்று தோற்ற இடத்தில், வேலையை மனிதர்க்கு ஏற்ப மாற்றியதும் வழி பிறந்தது. 1975-இல் கவாசாகி நகரில் அந்நிறுவனம் புதிய தொழிற்சாலையைத் திறந்தது. இன்று அதன் பணியாளருள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேர் அறிவுத்திறன் குறைபாடு உடையோர். சுண்ணக்கட்டி விற்றே அந்நிறுவனம் நடைபெறுகிறது. ஒயாமா 2019-இல் மறைந்தார்.

அவர் வாழ்வில் நிகழ்ந்த இன்னொரு செய்தியும் இங்குக் கூறத் தக்கது. காப்பகத்தில் உழைப்பின்றி இருக்கலாம். அவ்வாறிருக்க, இவர்கள் ஏன் நாள்தோறும் வேலைக்கு வர விரும்புகின்றனர் என்ற ஐயம் அவருக்கு நெடுநாள் இருந்தது. ஒரு சடங்கின்போது அருகில் அமர்ந்திருந்த பௌத்தத் துறவி ஒருவரிடம் அதனைக் கேட்டார். மனிதர்க்கு உயர்ந்த இன்பங்கள் நான்கு என்று துறவி விளக்கினார். அன்பு செய்யப்பெறுதல், பாராட்டப்பெறுதல், பிறர்க்குப் பயன்படுதல், பிறரால் வேண்டப்படுதல் என்பன அவை. அவற்றுள் முதலாவதன்றி மற்ற மூன்றும் உழைப்பின் வழியே கிடைப்பவை என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

தேநீர் மூன்று கோப்பை

அந்த ஆசிரியர் தம் அனுபவத்தால் கண்ட வழியைப் பிற்காலத்தில் அறிஞர் பலர் முறைப்படுத்தினர். அமெரிக்காவில் மார்க் கோல்டு என்னும் கல்வியாளர் 1970-களில், கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உடையோர் என்று ஒதுக்கப்பட்டவர்க்கு மிதிவண்டித் தடையின் பல உறுப்புகளை ஒன்றுசேர்க்கும் வேலையைக் கற்பித்துக் காட்டினார். வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் கையால் செய்து காட்டிப் பழக்கினார். ஒருவர் கற்கவில்லை என்றால் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை.

அதுவரை இருந்த வழக்கம், முதலில் பயிற்சி, பின்னர் வேலை என்பதாகும். இந்தியாவிலும் அதுவே பெருவழக்கு. பயிற்சி நிலையத்தில் மெழுகுவர்த்தி செய்யவும் காகித உறை ஒட்டவும் பழகுவர். ஆண்டுகள் கழியும். பயிற்சி முடிவதே இல்லை. வேலை வருவதும் இல்லை. புதிய முறையோ இதனைத் தலைகீழாக மாற்றியது. முதலில் உண்மையான பணியிடத்தில் சேர்த்து, அங்கேயே உடன் நின்று பழக்குவது என்பதே அது. உடன் நின்று பழக்குபவர் பணித்துணைவர் எனத்தக்கவர். ஜப்பான் அரசு இத்தகைய பணித்துணைவர் திட்டத்தை 2002-இல் தொடங்கியது.

மனநோயிலிருந்து மீண்டு வருவோர்க்கென அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1990-களின் தொடக்கத்தில் டெபோரா பெக்கர், ராபர்ட் டிரேக் ஆகிய இருவரும் ஒரு முறையை உருவாக்கினர். வேலை செய்ய விரும்பும் எவரையும் "இன்னும் தயாராகவில்லை" என்று தள்ளிவைக்காமல் விரைவில் வேலை தேடத் தொடங்குவதும், அவரவர் விருப்பத்திற்கேற்ற வேலையைத் தேடுவதும், வேலை கிடைத்த பின்னும் ஆதரவைத் தொடர்வதும் அதன் அடிப்படைகள். பல நாடுகளில் இருபதுக்கும் மேற்பட்ட ஒப்பீட்டாய்வுகள் நடந்துள்ளன. பழைய முறையைவிட இம்முறையால் ஏறத்தாழ இரு மடங்கினர் வேலை பெறுகின்றனர் என்பது அவற்றின் பொதுவான முடிவு.

தொழில் நடத்துவோரை அணுகுவதற்கு அம்முறையில் ஓர் எளிய ஒழுங்கு உண்டு. அதனை 'மூன்று கோப்பைத் தேநீர்' என்று வழங்குவர். முதல் வருகையில் தம்மை அறிமுகம் செய்துகொண்டு, மீண்டும் வந்து பேச நேரம் கேட்டுப் பெறுவதோடு சரி, வேலை கேட்பதில்லை. இரண்டாம் வருகையில் அத்தொழிலைப் பற்றி மட்டுமே கேட்டறிவர். எந்த வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாக உள்ளது, எந்த நேரத்தில் நெருக்கடி மிகுதி, எத்தகைய பணியாளர் நிலைத்து நிற்கின்றனர், எவர் ஏன் விலகுகின்றனர் என்பன வினாக்கள். மூன்றாம் வருகையில்தான், அந்தத் தேவைக்குப் பொருத்தமான ஒருவரைப் பற்றி எடுத்துரைப்பர். பொருத்தமானவர் இல்லையெனில் இல்லை என்றே சொல்லிவிடுவர். வாரத்திற்கு ஆறு சந்திப்புகளேனும் பணி வழங்குவோரோடு நேருக்கு நேர் நிகழவேண்டும் என்பது அம்முறையின் தரவிதி. தொலைபேசியும் கடிதமும் இக்கணக்கில் சேரா.

ஜப்பானிய ஆசிரியர் மும்முறை சென்றதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியப்பிற்குரியது. ஒரு வேறுபாடும் உண்டு. ஆசிரியர் மூன்று முறையும் தம் தேவையையே சொன்னார். புதிய முறையைப் பின்பற்றுவோர் எதிரில் இருப்பவரின் தேவையை முதலில் கேட்கின்றனர். வணிகம் செய்வோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்று கேளாமல் சரக்கை அவர்முன் கொட்டும் வணிகர் உலகில் நிலைத்ததில்லை.

இந்திய நாட்டின் நிலை

இந்தியாவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயற்றப்பெற்று, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. ஆட்டிசம், மனநோய், அறிவுத்திறன் குறைபாடு ஆகியவையும் அவற்றுள் அடங்கும். குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு என்று சான்று பெற்றோர்க்கு அரசு நிறுவனங்களின் காலியிடங்களில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத ஒதுக்கீட்டை அது வகுத்துள்ளது.

தனியார் நிறுவனங்களுக்கு இத்தகைய கட்டாய ஒதுக்கீடு இல்லை. பணியாளருள் 5 விழுக்காட்டினரேனும் இத்தகையோராக இருக்குமாறு அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் ஊக்கமளிக்க வேண்டும் என்று மட்டும் சட்டம் கூறுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட தனியார் நிறுவனம், அவர்களுக்கு உகந்த பணிகளையும் அவற்றுக்கான வசதிகளையும் அக்கொள்கையில் குறிப்பிடுவதோடு, இதற்கெனத் தொடர்பு அலுவலர் ஒருவரையும் அமர்த்த வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தனியார் துறையில் புதிதாகச் சேரும் மாற்றுத்திறனாளிகளுக்கு, முதலாளி செலுத்த வேண்டிய வருங்கால வைப்புநிதி, ஈட்டுறுதிப் பங்குத்தொகைகளை முதல் மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசே ஏற்கும் திட்டம் ஒன்று 2008-இல் கொண்டுவரப்பட்டது.

ஜப்பானில் சட்டம் இதனினும் கடுமையானது. அங்குத் தனியார் நிறுவனங்களுக்கும் கட்டாய விகிதம் உண்டு. 2024 ஏப்ரலில் அது 2.5 விழுக்காடு ஆயிற்று. குறைவாக வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள், குறையும் ஒவ்வோர் ஆளுக்கும் மாதம் 50,000 யென் செலுத்த வேண்டும். எனினும் ஒயாமா அவ்விரு பெண்களை வேலைக்குச் சேர்த்தபோது இத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. சட்டம் கதவைத் திறக்கச் சொல்லும். உள்ளே வந்தவர்க்கு வண்ண எடைக்கல்லை வைத்துக் கொடுக்கச் சட்டத்தால் இயலாது. அது மனிதர் செய்யும் வேலை.

அவ்வேலையைச் செய்வோர் இந்தியாவிலும் உள்ளனர். பெங்களூரில் சாந்தி ராகவன், தம் கணவர் தீபேஷ் சுதாரியாவுடன் 1999-இல் 'எனேபிள் இந்தியா' என்ற அமைப்பைத் தொடங்கினார். தம் தம்பி பார்வை இழந்து, மீண்டும் கற்று வேலைக்குச் சென்ற அனுபவமே அதற்கு வித்தாயிற்று. வேலை தேடுவோரைப் பழக்குவதோடு நிறுவனங்களையும் பழக்குவது அதன் வழி. சென்னையில் 1995 முதல் இயங்கும் 'எபிலிட்டி பவுண்டேஷன்', மாற்றுத்திறனாளிகளையும் நிறுவனங்களையும் நேரில் சந்திக்கவைக்கும் வேலைவாய்ப்பு முகாம்களை நடத்தி வருகிறது. 'லெமன் ட்ரீ' விடுதி நிறுவனம் 2007-இல் செவித்திறன் குறைபாடு உடையோரைப் பணியில் சேர்க்கத் தொடங்கியது. உடன் பணிபுரிவோர் சைகைமொழி கற்றனர். பின்னர் டவுன் சிண்ட்ரோம் உள்ளோர் முதலிய பிறரும் அங்குப் பணி பெற்றனர்.

ஆலையிலும் கடையிலும் பள்ளியிலும்

இவையெல்லாம் பெருநகரங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் உரியவை என்று எவரும் எண்ண வேண்டா. சுண்ணக்கட்டித் தொழிற்சாலை தொடக்கத்தில் சிறியதே. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் குடும்பங்களின் கையில் அரிசி ஆலை, பாய் நெசவு, பட்டு நெசவு, அச்சகம், மளிகை, மருந்துக்கடை, பள்ளி எனத் தொழில்கள் பல உள்ளன. அவற்றுள் எதை எடுத்துக்கொண்டாலும், பிரித்துப் பார்த்தால் பொருத்தமான வேலை தென்படும்.

அரிசி ஆலையை எடுத்துக்கொள்க. "ஆலை வேலை" என்று மொத்தமாகச் சொன்னால் மூட்டை தூக்குவதே நினைவிற்கு வரும். பிரித்துப் பார்த்தால் சிறு பைகளில் அளவிட்டு நிரப்புதல், பையின் வாயைத் தைத்தல், சீட்டு ஒட்டுதல், எண்ணி அடுக்குதல், வரவுசெலவு பதிதல், தொலைபேசியில் விலை சொல்லுதல் எனப் பல வேலைகள் தனித்தனியே தெரியும். நடக்க இயலாதவர் அமர்ந்து கணக்குப் பதியலாம். செவித்திறன் இல்லாதவர் தையல் எந்திரத்தை இயக்கலாம். அவர்க்கு எச்சரிக்கை மணியோடு ஒரு சிவப்பு விளக்கும் பொருத்தினால் போதும். எண்ணத் தெரியாதவர்க்கு, பத்துப் பைகள் மட்டுமே கொள்ளும் சட்டம் ஒன்றைத் தச்சரிடம் செய்து வைத்தால், சட்டம் நிரம்பியதும் பத்து என்று அறிந்துகொள்வார். பார்வையற்றவர், திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருளின் துணையால் தொலைபேசி விற்பனையையும் கணினிப் பணியையும் செய்யலாம். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. இத்தகைய மாற்றங்களையே சட்டம் நியாயமான வசதி என்று குறிப்பிடுகிறது. அளவுக்கு மீறிய சுமையை அது எவர்மீதும் ஏற்றுவதில்லை.

பணி வழங்குவோரின் அச்சங்களுக்கும் நேர்மையான விடை வேண்டும். எல்லாப் பொருத்தமும் வெற்றி பெறுவதில்லை. சிலர் வேலை பிடிக்காமல் விலகுவர். சிலர்க்கு அவ்விடம் ஒத்துவராது. மற்றப் பணியாளர்க்கும் இவ்வாறு நேர்வதுண்டு. அந்நிலையில் ஆதரவுச் சேவையாளர் வந்து, தவறு வேலையிலா, பழக்கிய முறையிலா, இடத்திலா என்று பார்ப்பார். திருத்த முடியுமாயின் திருத்துவார். இயலாதாயின் மனவருத்தமின்றி வேறிடம் தேடுவார். ஒருவர் விலகியதைக் கொண்டு இனி எவரும் வேண்டா என்று முடிவு செய்வதுதான் பெரும்பிழை. சரிப்படாத ஒரு கணக்கரைக் கண்டு, இனிக் கணக்கரே வேண்டா என்று எந்த வணிகரும் முடிவு செய்வதில்லை.

முதல் மூன்று மாதங்கள் மிகவும் இன்றியமையாதவை. தொடக்கத்தில் பணித்துணைவர் நாள்தோறும் உடனிருப்பார்; பின்னர் வாரத்திற்கு இருமுறை, அதன்பின் மாதத்திற்கு ஒருமுறை எனக் குறைத்துக்கொள்வார். அவர் விலகும்போது அவ்விடத்தில் உடன் பணிபுரியும் ஒருவர் அந்தப் பொறுப்பை இயல்பாக ஏற்றிருக்க வேண்டும். ஒயாமாவைச் சூழ்ந்து நின்ற பணியாளர்களே இதற்கு முன்மாதிரி. மேற்பார்வையாளர் மாறும்போதும், எந்திரம் மாறும்போதும், வீட்டில் தாயோ தந்தையோ நோயுற்றபோதும் பழைய இடர் மீண்டும் தலைதூக்கும். ஆதரவுச் சேவையைத் தொலைபேசியில் அழைக்கும் உரிமை முதலாளிக்கு எந்நாளும் இருத்தல் வேண்டும்.

தானமும் ஊதியமும்

தானத்தின் சிறப்பை அறிந்த அவை இது. ஆகாரம், மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களையும் தலைமுறை தலைமுறையாகச் செய்து வரும் குடும்பங்கள் இங்கு அமர்ந்துள்ளன. ஆயினும் மாற்றுத்திறனாளிக்கு அளிக்கும் வேலையைத் தானக் கணக்கில் எழுதிவிடலாகாது. தானத்தில் கொடுப்பவர் கை மேலே நிற்கும். பெறுபவர் கை கீழே நிற்கும். ஊதியத்தில் இரு கைகளும் ஒரே மட்டத்தில் நிற்கும். உழைப்பைக் கொடுத்தவர் அதற்குரிய விலையைப் பெறுகிறார். எனவே அதே வேலையைச் செய்யும் பிறர் பெறும் கூலியையே இவரும் பெற வேண்டும். "சும்மா இருப்பதற்கு இது மேல்" என்று குறைத்துக் கொடுப்பது அறம் ஆகாது. பண்டிகை நாளில் புத்தாடை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதும் வேலை கொடுத்ததாகாது.

தானமும் வேலையும் ஒன்றையொன்று நிறைவு செய்வன என்பதற்கு ஜெய்ப்பூர்ச் செயற்கைக்கால் நல்ல எடுத்துக்காட்டு. 1968-இல் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் உருவாக்கிய அக்காலை, பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி 1975 முதல் விலையின்றி வழங்கி வருகிறது. வெறுங்காலோடு வயலில் நடக்கவும், தரையில் குந்தி உட்காரவும் ஏற்றவாறு அது அமைந்தது. அதாவது அந்நாட்டு உழவரும் தொழிலாளரும் மீண்டும் வேலைக்குச் செல்லும் வகையில் அமைந்தது. கால் கொடுப்பது தானம். அக்காலால் நடந்து செல்ல ஒரு பணியிடம் இருந்தால்தான் அத்தானம் முழுமை பெறும்.

தொடங்கும் வழி

அவையோரே, இப்பணியைத் தொடங்கப் பெருநிதியோ கட்டடமோ வேண்டியதில்லை. அறக்கட்டளையைச் சார்ந்த குடும்பங்களுள் தொழில் நடத்துவோர் யாவர், எத்தொழில், எவ்வூர், எத்தனை பணியாளர் என்ற பட்டியல் ஒன்று வேண்டும். பணி தேடும் மாற்றுத்திறனாளிகள் யாவர், அவர்களுக்கு எதில் விருப்பம், எது நன்றாக வரும் என்ற பட்டியல் மற்றொன்று வேண்டும். அடையாள அட்டை பெறாதோர்க்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியே அதனைப் பெற்றுத்தர வேண்டும். அருகிலுள்ள சிறப்புப் பள்ளியோடும், பணியமர்த்தும் அனுபவமுள்ள தொண்டு நிறுவனத்தோடும் தொடர்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரத்தில் இரண்டு நாட்களை இதற்கென ஒதுக்கும் ஒருவரேனும் வேண்டும். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் பலரைக் கொண்டது இச்சமுதாயம். ஒரு கடையில் மும்முறை ஏறி இறங்கும் பொறுமை ஆசிரியர்க்கே எளிதில் வாய்க்கும்.

தொழில் நடத்துவோர் செய்ய வேண்டியது இதனினும் எளிது. தம் நிறுவனத்தின் வேலைகளை ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். எந்த வேலைக்கு ஆள் நிலைப்பதில்லை என்று குறித்துக்கொள்ளலாம். வாயிலில் வந்து நிற்பவரை நன்கொடை கொடுத்து அனுப்பாமல், அமரவைத்து, இரு வாரங்களுக்கு ஒருவருக்கு இடம் தரலாம். அந்த இரு வாரங்கள் முடிந்த பின், வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்பதை உடன் பணிபுரிந்தோரிடமே கேட்கலாம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல் உண்டு. பிள்ளை வேலைக்குச் செல்லும் முதல் வாரத்தில் தாயின் உள்ளம் நடுங்கும். பேருந்தில் தனியே ஏற்ற அஞ்சுவார். பாதுகாப்பு என்ற பெயரால் வீட்டில் வைத்துக்கொள்ளவே அன்பு தூண்டும். ஆயினும் சாலை விளக்கின் நிறம் பார்த்து நடந்து வந்ததனாலேயே, அந்தத் தொழிற்சாலையில் அவர்களுக்கு என்ன தெரியும் என்பது வெளிப்பட்டது. நடக்க விட்டிருக்காவிட்டால் அது எவர்க்கும் தெரிந்திராது.

அடுத்த ஆண்டு இவ்விழா கூடும்போது, இச்சமுதாயத்துக் குடும்பங்களின் தொழிலகங்களில் பத்துப் பேர் வேலையில் இருப்பின் அது நற்றொடக்கம். மூவர் மட்டுமே இருந்து, அம்மூவரும் ஆண்டு முழுவதும் நிலைத்து நின்று, மாதந்தோறும் தம் ஊதியத்தைத் தம் கையாலேயே வாங்கியிருப்பின் அதுவும் நற்றொடக்கமே. அம்மூவரின் வீடுகளிலேனும் அந்தப் பழைய வினாவின் ஒலி சற்றுக் குறைந்திருக்கும்.